உழைக்குமா என்று கேட்டு வாங்கிய ஸ்கோப்

டெக்சாஸில் எங்கள் ஊரான கேட்டியில், நாங்கள் பால் வாங்கும் கடைக்கு இரண்டு கட்டடம் தள்ளி, தூண்டில், கூடாரம், துப்பாக்கி எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. அங்கே, ரைபிளின் மேல் பொருத்தினால் தூரத்துக் குறியைப் பெரிதாக்கிக் காட்டுகிற ஸ்கோப் ஒன்றைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து, விரலால் தட்டியும் பார்த்துவிட்டு, "வில் இட் வொர்க் ஹார்ட்?" என்று கேட்டேன். கவுண்டருக்குப் பின்னால் நின்ற பெரியவர் தொப்பியைச் சற்றே தூக்கி என்னைப் பார்த்தார். "நோ சார், தட்ஸ் யுவர் ஜாப்," என்றார். ஈரோட்டில் செருப்பு வாங்கினாலும் மிக்ஸி வாங்கினாலும் "உழைக்குமா?" என்றுதான் கேட்போம். கடைக்காரரும் "பத்து வருசம் உழைக்குமுங்க" என்பார். இத்தனை வருடம் டெக்சாஸில் குப்பை கொட்டியும் அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. பக்கத்தில் நின்ற மகள் யாழினி பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்பா, யூ மீன் ட்யூரபிள்," என்றாள்.

சிரிக்காதீர்கள். துப்பாக்கி என்றாலே ஒதுங்கிப் போகிற ஆள்தான் நானும். யாழினிக்குப் பதினாறு வயது. பள்ளித் தோழியோடு வேடிக்கை பார்க்கப் போனவள், அறுநூறு யார்டு தூரத்தில் இருக்கும் இரும்புத் தகட்டைக் குறிபார்த்துச் சுடுகிற ஜூனியர் குழுவில் சேர்ந்துவிட்டாள். ரைபிள் கிளப்புடையது, கோச் பூட்டி வைத்திருப்பார். ஸ்கோப்பை மட்டும் நாம் வாங்கித் தர வேண்டும். ஈரோட்டில் இருக்கும் அண்ணனிடம் போனில், "புள்ளைக்கு ஒரு நல்ல ஸ்கோப் பாத்துட்டிருக்கேன்ணா," என்றேன். "டாக்டருக்குப் படிக்க வைடா, அதுலதான் ஸ்கோப்பு இருக்கு," என்றார். அதற்கு மேல் விளக்க எனக்குத் தெம்பில்லை.

இரண்டு வாரம் எக்செல் ஷீட் போட்டுத் தேடினேன். பார்க்க ஒன்றுமே இல்லாத, கனமான ஒரு ஸ்கோப்பை யாழினி காட்டினாள். ஜூம் குறைவாக இருந்தால் பரவாயில்லையாம். மேலே இருக்கும் டயலைத் திருப்பிவிட்டு மறுபடி பழைய எண்ணுக்குக் கொண்டுவந்தால் குண்டு பழைய இடத்திலேயே படவேண்டுமாம். ரைபிள் உதைப்பதைத் தாங்க வேண்டுமாம். கோச் சொன்னதாக இதையெல்லாம் அவள் இங்கிலீஷில் அடுக்கினாள். நான் காதில் வாங்கினால்தானே! எனக்கு ஜூம் எண் பெரிதாக இருக்க வேண்டும், உள்ளே விளக்கு எரிய வேண்டும், ஆயுள் வாரண்டி வேண்டும். அதே விலைக்கு இத்தனையும் தருகிறான், ரிவ்யூவில் ஐந்து நட்சத்திரம் வேறு. நம் புத்தி எங்கே போகும்? கடையில் உழைக்குமா என்று தட்டிப் பார்த்து வாங்கியது அதைத்தான்.

மாநிலப் போட்டிக்கு அணி தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. முதல் மூன்று குண்டும் தகட்டில் பட்டன. அதன்பிறகு ஒன்றுகூடப் படவில்லை. திரும்பி வரும்போது ஃப்ரீவேயில் என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஐ ஹெல்ட் ஸ்டில், அப்பா. இட் மூவ்ட்," என்றாள்.

"நகர்றதுக்கு ஸ்கோப்புக்கு என்ன காலா இருக்கு? சும்மா சாக்குச் சொல்லாத. போன நோண்டறத விட்டாலே கான்சன்ட்ரேஷன் தானா வரும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சுமதி, "அவ பொய் சொல்ற புள்ள இல்லீங்க," என்றாள். பொய் என்று நான் எங்கே சொன்னேன் என்று அவளிடமும் எரிந்து விழுந்தேன். மூன்று வாரத்தில் இன்னொரு தேர்வு இருந்தது. அதற்கு வரப்போவதில்லை என்று யாழினி மறுநாளே கோச்சுக்கு மெசேஜ் அனுப்பிவிட்டாள்.

கோச் டெபி என்னைத் தனியாக வரச்சொன்னார். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் திருகுகளை முதலில் சோதித்தார், எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. பிறகு அவரே படுத்துச் சுட்டார். காகிதத்தில் முதல் சில ஓட்டைகள் ஒன்றாக விழுந்தன. அடுத்தவை வலப்பக்கமாக விலகிக்கொண்டே போயின. என் ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு, கீறல் விழுந்த கிளப் ஸ்கோப் ஒன்றைப் பொருத்திக் குறியைச் சரிசெய்துகொண்டு சுட்டார். பத்து குண்டும் ஒரே இடத்தில். "ஷீ டோல்ட் யூ, டிடன்ட் ஷீ?" என்று கேட்டார். தலையாட்டினேன். ஃபாரம் நிரப்பி அனுப்பினால் கம்பெனி புதிதாக ஒன்று தரும் என்றார். ஐந்து நட்சத்திரம் போட்டவனைத் திட்டினேன், எக்செல் ஷீட்டைத் திட்டினேன். கார் வீட்டு வாசலுக்கு வரும்போது திட்டுவதற்கு நான் மட்டும்தான் மிச்சமிருந்தேன்.

எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டில் சாரி என்பது காலை மிதித்துவிட்டால் சொல்வது. மன்னித்துவிடு என்றால் மேடை வசனம் மாதிரி இருக்கிறது. அவள் அறை வாசலில் நின்று, "ஸ்கோப்லதான் கோளாறு," என்றேன்.

"ஐ நோ."

"நீ சொன்னப்பவே நான் நம்பியிருக்கணும். தப்பு என் மேலதான்."

"கோச் ஹேட் டு டெல் யூ?" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். அப்புறம், கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டாள். அந்தக் கனமான ஸ்கோப்பை அவளே போய் எடுத்தாள், தேர்வுக்கு வருவதாகக் கோச்சுக்கும் மெசேஜ் அனுப்பினாள். நான் கிரெடிட் கார்டை மட்டும் நீட்டினேன்.

இரண்டாவது தேர்வுக்கு முந்தின பயிற்சி நாளில், பிள்ளைகள் வரிசையாகப் படுத்திருக்க, பக்கத்தில் பெற்றோர் ஆளுக்கொரு தொலைநோக்கி வைத்துக்கொண்டு குண்டு எங்கே விழுகிறது என்று சொல்ல வேண்டும். வரிசை முழுக்க ஒரே இங்கிலீஷ், இன்ச் கணக்கு. யாழினி சுட்டாள். தகட்டுக்கு வெளியே புழுதி எழும்பியதும் எனக்கு இருக்கிற இங்கிலீஷும் போய்விட்டது. "எடப்பக்கம் கண்ணு! ஒரு சாண் எடப்பக்கம்!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் படுத்திருந்த பிள்ளையின் அப்பா தலையைத் தூக்கி, "வாட்ஸ் எ சாண்?" என்றார். கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்து அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது, எதைக் கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்கிற என் மகள் டயலைத் திருப்பிவிட்டு அடுத்த குண்டைச் சுட்டாள். தூரத்திலிருந்து டங் என்று சத்தம் வந்தது. 'ஆர் யூ ஷ்யூர்?' என்று அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், கேட்க அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது.