கஞ்சிக்குப் போன சிலிண்டர்

பண்டாரவளையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையல்காரர் இத்ரூஸ். ரமழான் வந்துவிட்டால் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவதும் அவர்தான். "இத்ரூஸ் நானாட கைப்பக்குவம்" என்று யாராவது அண்ணன் முறை வைத்துச் சொல்லிவிட்டால் மனுசனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். அந்தப் புகழ்ச்சிதான் அவரைக் கெடுத்தது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு ரமழானில் நாடே இருண்டு கிடந்தது. கேஸ் கப்பல் கடலில் நிற்கிறதாம், இறக்க டொலர் இல்லையாம். மேலே இருந்தவர்கள் போட்ட கணக்குப் பிழைத்ததற்கு, ஊரார் வெறும் சிலிண்டர்களோடு தெருவோரம் காய்ந்தார்கள். தோட்டங்களில் பிடுங்கிய தேயிலைக் கட்டைகளை விறகாகக் கொண்டுவரும் லொறிக்கும் டீசல் இல்லை. ஒருநாள் கஞ்சிக்கே வழியில்லாமல் போனது.

"இண்டைக்குக் கஞ்சி இல்லண்டு சொல்லிருவோமா?" என்று கேட்டார் பள்ளிவாசல் நிர்வாகத்து அஸீஸ் ஹாஜியார்.

இத்ரூஸுக்கு ரோசம் வந்துவிட்டது. "நான் ஈக்கக்குள்ள கஞ்சி நிக்காது ஹாஜியார்" என்று வாயை விட்டார்.

அவர் வீட்டில் அரைவாசி கேஸோடு ஒரு சிலிண்டர் இருந்தது. மனைவி ஸவாஹிரா அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். மகள் றுஷ்தா பிள்ளை பெற்று வந்திருந்தாள். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டவும், பெற்றவளுக்குச் சுடச்சுடக் கொடுக்கவும் அதை விட்டால் வேறு வழியில்லை. மின்சாரம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். கடைக்கு மேல்மாடி வாடகை வீடு என்பதால் விறகு மூட்டவும் முடியாது.

இதெல்லாம் இத்ரூஸுக்குத் தெரியாததல்ல. ஸவாஹிரா மருந்துக் கடைக்குப் போன நேரம் பார்த்து, றுஷ்தா கண்ணயர்ந்திருக்கும்போது, சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினார். நாளைக்கு வரிசையில் நின்று வேறொன்று எடுத்துவிடலாம் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டார்.

கஞ்சி அருமையாக வந்தது. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் பெண்களும் பிள்ளைகளும் பாத்திரங்களோடு வந்துவிட்டார்கள். எந்த வீட்டிலும் அடுப்பு எரியாததால், பக்கத்துத் தோட்டத் தொழிலாளர்களின் லய வீடுகளிலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்திருந்தார்கள்.

"இத்ரூஸ் நானா ஈந்தாப் பயமில்ல" என்றார் ஹாஜியார்.

இத்ரூஸுக்கு மனம் நிறைந்துபோனது. தலை குனிந்தபடி ஊற்றிக்கொண்டே போனார். ஒரு வாளியை நீட்டிய கை தெரிந்த கையாக இருந்தது. நிமிர்ந்தார். ஸவாஹிரா நின்றாள். அவள் அழவில்லை; அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"கொஞ்சம் கூட ஊத்துங்க நானா" என்றாள், முன்பின் தெரியாத கஞ்சிக்காரரிடம் கேட்பதுபோல. "வீட்ல புள்ள பெத்தவ பசியோட ஈக்கிறா. எங்கட கேஸ யாரோ தூக்கிட்டுப் போய்ட்டாங்க."

அவர் வாளி நிறைய ஊற்றினார். அவள் வாங்கிக்கொண்டு நகர்ந்தாள். அடுத்து நின்ற பெண் பாத்திரத்தை நீட்டினாள். இத்ரூஸுக்குக் கை எழவில்லை.