என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மகள்

நாலு வயசு ஆகற வரைக்கும் என் மகள் யாழினி ஒரு வார்த்தைகூடப் பேசலைங்க. சிரிப்பா, அழுவா. பசிச்சா என் சேலையைப் பிடிச்சு அடுப்புப் பக்கம் இழுப்பா. ஆனா "அம்மா"ங்கற ஒரு சொல் அவ வாயிலிருந்து வரலை. அந்த வருஷங்கள்ல நான் அழாத நாள் குறைவு. அந்த அழுகையிலிருந்து நம்ம மாரியம்மா என்னை எப்படிக் கரையேத்தினாங்கறதை, என்னைப் போலவே அவளை நம்பியிருக்கிற உங்ககிட்ட சொல்லணும்னுதான் எழுத உக்காந்தேன்.

என் பேர் செல்வி. கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ எஸ்டேட்ல கொழுந்து பறிக்கறேன். வீட்டுக்காரர் முருகேசன் அதே எஸ்டேட் ஃபேக்டரியில டிரையர் மெஷின்ல வேலை பாக்கறார். அவங்க குடும்பம் சிலோன் தோட்டத்திலிருந்து இங்க வந்து குடியேறினது. நான் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு மலையேறி வந்தவ. பக்கத்து வீட்டுல அவரோட அக்கா பாக்கியம் அண்ணி இருக்காங்க. கல்யாணமாகி ஆறு வருஷம் கழிச்சுப் பிறந்தவ யாழினி. குரல் இனிமையா இருக்கணும்னு அந்தப் பேரை வெச்சதே அண்ணிதான்.

ரெண்டு வயசுல பேசலைன்னதும் சில பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும்னு எல்லாரும் தைரியம் சொன்னாங்க. நாக்குல வசம்பு தடவினோம், தேன் தடவினோம். மாரியம்மன் கோவில்ல வேப்பிலை அடிச்சு மந்திரிச்சோம். "அம்மான்னு ஒரே ஒரு தடவை என்னைக் கூப்பிட வெச்சிடு தாயே, உனக்குப் பால்குடம் எடுக்கறேன்"னு வேண்டிக்கிட்டேன். ஒரு நாள் கொழுந்து நிறுக்கற இடத்துல எனக்குப் பின்னால ரெண்டு பேர் பேசிக்கிட்டாங்க. செல்விக்குப் பிறந்தது ஊமைப் பிள்ளைன்னாங்க. நான் கேக்காத மாதிரி கூடையைத் தூக்கிட்டுப் போயிட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினதுக்கு அப்புறம்தான் அழுதேன்.

சித்திரைத் திருவிழாவுலதான் எனக்கு உண்மை தெரிஞ்சுது. சாமி ஊர்வலம் நாங்க குடியிருக்கிற லைன் வீட்டு வரிசைக்கு வந்தப்போ பக்கத்துல அதிர்வெடி போட்டாங்க. அங்க இருந்த பிள்ளைங்க எல்லாம் வீல்னு அலறுச்சுங்க. பெரியவங்களே காதைப் பொத்திக்கிட்டாங்க. யாழினி என் இடுப்புல இருந்தபடியே எங்கயோ பாத்துக்கிட்டிருந்தா. உடம்புல ஒரு சின்னத் திடுக்குகூட இல்லை. அப்புறம் புகை மேல எழும்பறதைப் பாத்துட்டுக் கையைத் தட்டிச் சிரிச்சா. என் பிள்ளைக்குக் குரல்ல குறை இல்லை, காதுல குறைன்னு அந்த நிமிஷமே புரிஞ்சுபோச்சு.

வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவருக்குக் கோவம் வந்துடுச்சு. தன் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, கண்டதையும் நினைச்சுப் பிள்ளையை நோயாளி ஆக்காதேன்னுட்டார். அவர் பொதுவாவே அதிகம் பேசமாட்டார். அன்னிக்கு அவ்வளவு பேசினதே எனக்குப் பயமா இருந்துச்சு.

அடுத்த வெள்ளிக்கிழமை வேலைக்குப் போறதுக்கு முன்னால கோவிலுக்குப் போனேன். பூசாரிகூட வந்திருக்கலை. வெளிக் கம்பிக்கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அன்னிக்கு நான் பால்குடத்தைப் பத்திப் பேசலை. எனக்கு வழி தெரியலை, சொல்லித் தரவும் ஆளில்லை, யாரையாவது அனுப்பு தாயேன்னு மட்டும் கேட்டேன். அழுது முடிச்சு முகத்தைத் துடைச்சிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. யாழினியைக் கூட்டிக்கிட்டு அவளுக்குச் செருப்பு வாங்கக் குன்னூர் போயிட்டுத் திரும்பி வர்றேன். பஸ்ல என் பக்கத்து சீட்ல ஒரு அக்கா வந்து உக்காந்தாங்க. அவங்ககூடப் பத்து வயசுப் பொண்ணு ஒண்ணு. அந்தப் பொண்ணோட காதுக்குப் பின்னால ஒரு சின்ன மெஷின் இருந்துச்சு. அதிலிருந்து ஒரு ஒயர் போய்த் தலைமுடிக்குள்ள வட்டமா ஒட்டிக்கிட்டிருந்துச்சு. அந்தப் பொண்ணு வாய் ஓயாமப் பேசிக்கிட்டே வந்துச்சு. யாழினி அந்த வட்டத்தையே பாத்தா.

அந்த அக்கா ரொம்ப நேரம் என் மகளைக் கவனிச்சாங்க. கண்டக்டர் அவ முதுகுக்குப் பின்னாலயே விசில் ஊதினதையும், இவ திரும்பாததையும் பாத்திருக்காங்க. மெதுவா எங்கிட்டக் கேட்டாங்க.

"ஏனுங்க, தப்பா நினைச்சுக்காதீங்க. பாப்பாவுக்குக் காது டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

அந்த அக்கா மேல சாஞ்சு அழுதுட்டேன். பஸ்ல இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. அவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னாங்க. அவங்க பேர் தனலட்சுமி. வெலிங்டன்ல அவங்க வீட்டுக்காரர் மிலிட்டரி ஆபீஸ்ல கிளார்க். அவங்க பொண்ணுக்கும் பிறவியிலேயே காது கேக்காதாம். ஆபரேஷன் பண்ணி உள்ளே ஒரு கருவி வெச்சிருக்காங்களாம். சின்ன வயசுலயே செஞ்சாத்தான் பேச்சு நல்லா வரும், ஒரு மாசம்கூடத் தள்ளாதீங்கன்னாங்க. அரசாங்கத் திட்டத்திலேயே செஞ்சு குடுக்கறாங்கன்னும் சொன்னாங்க. அன்னிக்கு அவங்க அந்த பஸ்ல வரவேண்டியதே இல்லை. முந்தின பஸ் வழியில நின்னுபோனதால இதுல மாறி ஏறியிருக்காங்க. கேட்டதும் எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சு. முந்தின நாள் காலையிலதான் நான் ஆளைக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து அவர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவர் எழுந்து போய் ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் எடுத்துட்டு வந்தார். யாழினி எனக்கு எதிர்ல புதுச் செருப்பை வெச்சு விளையாடிக்கிட்டிருந்தா. அவளுக்குப் பின்னால நின்னு ஓங்கித் தட்டினார். அவ திரும்பலை. இன்னும் கிட்ட வந்து தட்டினார். சத்தம் கேட்டுப் பாக்கியம் அண்ணி பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்துட்டாங்க. யாழினி மட்டும் திரும்பலை. அவர் தட்டைக் கீழ வெச்சிட்டு அங்கயே உக்காந்துட்டார்.

"திங்கக்கிழமை லீவு போடறேன்"னார்.

ஊட்டி பெரிய ஆஸ்பத்திரியில பாத்துட்டுக் கோயமுத்தூருக்கு அனுப்பினாங்க. அங்க பிள்ளையைத் தூங்க வெச்சுத் தலையில ஒயர் ஒட்டி டெஸ்ட் பண்ணினாங்க. ரெண்டு காதும் கேக்கலைன்னு டாக்டரம்மா சொன்னாங்க. எனக்கு மூணு வருஷம் நான் பாடின தாலாட்டெல்லாம் ஞாபகம் வந்துச்சு. ஒண்ணுகூட அவ காதுல விழலையா டாக்டர்னு கேட்டேன். எப்படிப் பாடுவீங்கன்னு அவங்க திருப்பிக் கேட்டாங்க. நெஞ்சுல போட்டுக்கிட்டுப் பாடுவேன், அவ என் தொண்டைமேல கையை வெச்சுக்கிட்டே தூங்குவான்னேன். "அப்போ உங்க பாட்டு அவ கைக்குப் போயிருக்கும்மா"ன்னாங்க. அந்த ஒரு பேச்சுல எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்துச்சு.

அரசாங்கத் திட்டத்துல அனுமதி வர மாசக்கணக்கா ஆச்சு; மார்கழியில ஆபரேஷன்னு சொன்னாங்க. காதுக்குப் பின்னால முடி எடுக்கணும்னு தெரிஞ்சதும், ஒரு பக்கம் எதுக்கு, மொத்தமா ஆத்தாவுக்கே குடுத்துடலாம்னு கோவில்ல மொட்டை போட்டோம். மொட்டைத் தலையோட மலைக்குளிர்ல இருந்தா என்ன ஆகும்? சளி பிடிச்சுக்கிச்சு. காய்ச்சலும் வந்துச்சு. சரியான பிறகு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நான் செஞ்ச வேண்டுதலே பிள்ளைக்குக் கெடுதலாயிடுச்சேன்னு உடைஞ்சு போயிட்டேன். பாக்கியம் அண்ணிதான் அதட்டினாங்க. குளிருக்குக் குல்லா போடாதது உன் தப்பு, அதை ஆத்தா தலையில கட்டாதேன்னாங்க. அப்புறம் அவங்களே ரெண்டு கம்பளிக் குல்லா பின்னிக் குடுத்தாங்க. தை மாசம் சளி சுத்தமா விட்டுச்சு. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. கோயமுத்தூர்ல நாங்க தங்கினது தனலட்சுமி அக்காவோட தங்கச்சி வீட்டுலதான். முன்னப்பின்ன தெரியாத எங்களுக்கு அவங்க ரசம் வெச்சு ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தாங்க.

மூணு வாரம் கழிச்சு வெளி மெஷினை மாட்டி ஆன் பண்ணினாங்க. இந்த மாதிரி நேரத்துல பிள்ளைங்க சிரிக்கறதை நான் செல்போன்ல பாத்திருந்தேன். அதுக்காக அவளுக்குப் புதுச் சட்டையெல்லாம் போட்டுக் கூட்டிட்டுப் போனேன். இவ சிரிக்கலைங்க. கண்ணை அகலமா விரிச்சா. உதடு பிதுங்குச்சு. ஆஸ்பத்திரியே அதிர்ற மாதிரி அழுதா. மெஷினைப் பிடுங்கி எறிஞ்சா. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியலை. டாக்டரம்மா மட்டும் சிரிச்சாங்க. பயந்து அழறான்னா கேக்குதுன்னுதானே அர்த்தம்னாங்க. அவ அழ அழ நான் சிரிச்சேன். அவர் சிரிக்கவும் முடியாம அழவும் முடியாமச் சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னார்.

அப்புறம்தான் உண்மையான வேலையே. காது வந்தா மட்டும் பேச்சு வந்துடாது, வீட்டுல நாள் பூரா அவகிட்டப் பேசிக்கிட்டே இருக்கணும்னாங்க. வாரத்துக்கு ஒரு தடவை பயிற்சிக்குக் கோயமுத்தூர் போனோம். மத்த நாள் எல்லாம் வீட்டுல நான் பேசினேன். வெங்காயம் உரிக்கறேன், தண்ணி கொதிக்குது, மழை வருது, துணி நனையுதுன்னு வாய் வலிக்க வலிக்கப் பேசினேன். அதைவிட அதிசயம் எங்க வீட்டுக்காரர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசாத மனுஷன், ஷிஃப்ட் முடிஞ்சு வந்து, "அப்பா பூட்ஸைக் கழட்டறேன். இது ஒரு கால். இது இன்னொரு கால்"னு பிள்ளைகிட்டச் சொல்லிக்கிட்டிருப்பார். நான் அடுப்படியில நின்னு முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பேன். அந்தப் பழக்கத்துல எங்கிட்டயும் பேச ஆரம்பிச்சார். கல்யாணமாகி அத்தனை வருஷம் கழிச்சுத்தான் அவருக்கு என்னென்ன பிடிக்கும்னே எனக்குத் தெரிஞ்சுது.

ஆவணி மாசம் ஒரு நாள் காலையில பாக்கியம் அண்ணி வழக்கம்போல வாசல்ல நின்னு, "செல்வி, செல்வி"ன்னு கூப்பிட்டாங்க. நான் துணி துவைச்சுக்கிட்டிருந்தேன். அவங்களுக்குப் பின்னாலயே இன்னொரு சின்னக் குரல், "செவி"ன்னுச்சு. கையில சோப்போட அப்படியே நின்னுட்டேன். யாழினி என்னையே பாத்துக்கிட்டு மறுபடியும், "செவி, செவி"ன்னா. லைன்ல எல்லாரும் என்னை அந்தப் பேர்லதானே கூப்பிடறாங்க. அவளும் அதைத்தான் பிடிச்சுக்கிட்டா. பெத்தவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிள்ளையை அன்னிக்கு எங்க லைனே தூக்கிக் கொஞ்சுச்சு. செவின்னா காதுதானே, சரியாத்தான் சொல்லியிருக்கான்னு அங்கன்வாடி டீச்சர் சொல்லிச் சிரிச்சாங்க.

ரெண்டு மாசம் நான் "செவி"யாத்தான் இருந்தேன். அதுலயும் சந்தோஷம்தான். ஆனா பெத்த மனசு இல்லையா, "அம்மா"வுக்கு ஏங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஐப்பசியில ஒரு வெள்ளிக்கிழமை. நல்ல மழை. கோவில்ல விளக்குப் பூஜைக்கு அஞ்சாறு பேர்தான் வந்திருந்தோம். தீபாராதனை காட்டறப்போ எல்லாரும் "அம்மா, தாயே"ன்னு கும்பிட்டோம். என் மடியிலிருந்த யாழினி எழுந்து நின்னா. மாரியம்மனைப் பாத்துக் கையை நீட்டினா.

"அம்மா"ன்னா.

தெளிவா, ஒரு எழுத்து குறையாமச் சொன்னா. பூசாரி தட்டைப் பிடிச்சபடியே நின்னுட்டார். என் மகளோட முதல் "அம்மா" எனக்கு வரலைங்க. யார் குடுத்தாளோ அவளுக்கே போச்சு. எனக்குத் துளிகூடப் பொறாமை இல்லை. தரையில விழுந்து கும்பிட்டேன். எழுந்திரிக்கும்போது யாழினி என் கன்னத்தைத் தொட்டு, "அம்மா"ன்னு எனக்கும் ஒண்ணு குடுத்தா.

அடுத்த சித்திரையில பால்குடம் எடுத்தேன். தனலட்சுமி அக்கா குடும்பத்தோட வந்திருந்தாங்க. எங்க வீட்டுக்காரர் எனக்கு முன்னால வேப்பிலையைப் பிடிச்சுக்கிட்டு நடந்து வந்தார்.

இப்போ யாழினி ஒண்ணாம் கிளாஸ். வகுப்புல ஓயாமப் பேசறான்னு டீச்சர் புகார் சொல்லி அனுப்பியிருக்காங்க. அந்தச் சீட்டை நான் சாமி படத்துக்குப் பின்னால பத்திரமா வெச்சிருக்கேன். ராத்திரி மெஷினைக் கழட்டினா அவளுக்கு ஒண்ணும் கேக்காது. காலையில மாட்டினதும் முதல் கேள்வி ஆரம்பிக்கும். கவலை எல்லாம் தீர்ந்துடுச்சுன்னு பொய் சொல்லமாட்டேன். மெஷின் மழையில நனையக்கூடாது, கீழ விழக்கூடாது, பள்ளிக்கூடத்துல யாரும் கேலி பண்ணக்கூடாது. இருந்தாலும் இப்போ நான் கவலையைச் சுமந்துக்கிட்டுத் தனியா நிக்கறதில்லை. ஆத்தாகிட்டச் சொல்லிட்டு வேலையைப் பாக்கறேன்.

உங்க வீட்டுப் பிள்ளை பேசலைன்னா, நடக்கலைன்னா, மனசுக்குள்ளயே வெச்சுப் புழுங்காதீங்க. அவ சந்நிதியில போய் நின்னு வாய்விட்டுச் சொல்லுங்க. சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்கும் போங்க. இதுவும் அவ வீடுதான், அதுவும் அவ வீடுதான். யார் ரூபத்துல வருவான்னு நமக்குத் தெரியாது, ஆனா வருவா. கூடவே இன்னொண்ணு. ஒரு பிள்ளை கூப்பிட்டும் திரும்பலைன்னா, தயங்காம அந்தத் தாய்கிட்டப் பக்குவமாக் கேளுங்க. அன்னிக்கு ஆத்தா அனுப்பற ஆள் நீங்களாக்கூட இருக்கலாம்.