அப்பச்சிக்கு வாங்கிய புட்டி

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சாராயம் விற்கக் கூடாது என்பது லைசென்ஸ் நிபந்தனை. கல்லல் சாராயக்கடைக்காரர் அதைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டி, தினமும் துண்டால் துடைப்பார். அதே துண்டால் ஒரு புட்டியைத் துடைத்து, பதினைந்து வயதுப் பையனிடம் நீட்டினார்.

"யாருக்கு இது?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"அவுக அப்பச்சிக்கு வாங்கிட்டுப் போறாக."

"இவன் அப்பா ரங்கூன்லல்ல இருக்காரு?"

"அப்பக் கப்பல்ல அனுப்புவாக. நீங்க ஏன் சாமி அலட்டிக்கிறீக?"

பையன் சிரித்தான். அப்போதே அவன் கால் தள்ளாடியது.

நான் ஓய்வுபெற்ற குமாஸ்தா. லைசென்ஸ் கொடுத்த இலாகாவுக்கு முறைப்படி மனு எழுதினேன், நினைவூட்டலும் எழுதினேன். ஐப்பசி மழையில் ஊருணி நிரம்பியது. போதையில் படி தவறி விழுந்த பையனைப் பிணமாகத்தான் எடுத்தார்கள். முதல் மாலை கொண்டுவந்தவர் கடைக்காரர், நிஜமாகவே அழுதார். மறுநாளும் அந்தக் கண்ணாடியைத் துடைத்தார். அந்த மனிதர் எனக்கு இன்றும் விளங்கவில்லை.

'விசாரிக்கப்படும்' என்று இலாகாவின் பதில் வந்தது, மகனின் கருமாதிக்காக அப்பச்சி ரங்கூனிலிருந்து வந்து சேர்ந்த அன்று.