இராகுகாலத்துக்கு முன் ஒரு வானொலி

"இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

அலுவலகத்தில் இருந்த ஜெர்மன் பெண் இப்படித்தான் என்னிடம் கேட்டார். இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது.

ஹம்பேர்க்கில் புதிய வானொலி ஒன்று வெளிநாட்டவரின் மொழிகளுக்கு நேரம் கொடுக்கப் போகிறதாம் என்ற கதை எங்கள் அகதிகள் விடுதிக்கு வந்தபோது, என் மகளுக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது. ஒரு மொழிக்கு ஒரு உரிமம், மாதத்தில் ஒரு மணித்தியாலம். தமிழ் ஆட்கள் உடனே இரண்டு குழுவானார்கள். அதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஒரு குழுவின் தலைவர், நாங்கள் இந்த நகரத்தில் வந்து இறங்கிய அன்று எங்களைக் கூட்டிப்போய்ச் சோறு போட்ட அண்ணை. மற்றக் குழுவை நடத்தியவர் விடுதியில் எங்கள் பக்கத்து அறை அக்கா. நான் ஜெர்மன் வகுப்புக்குப் போகும்போதெல்லாம் மகளை மடியில் வைத்திருப்பவர் அவர்தான். அந்த மடி இல்லாவிட்டால் எனக்கு வகுப்பு இல்லை.

"தங்கச்சி, வெள்ளிக்கிழமை காலமை எங்களோடை ஒருக்கா வாங்கோ. வானொலிக்கு அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், குடுக்கப் போறம். உங்கடை ஜெர்மன் இல்லாமல் ஏலாது. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்றார் அண்ணை.

போனால் அக்கா கோவிப்பார். போகாவிட்டால் அண்ணைக்கு மனம் நோகும். கணவரிடம் கேட்டேன். "உனக்குச் சரியெண்டு படுறதைச் செய்" என்று சொல்லிவிட்டுச் சவரம் செய்யப் போய்விட்டார். எனக்கு எது சரியென்று பட்டிருந்தால் அவரிடம் ஏன் கேட்கப் போகிறேன்?

வெள்ளி விடிந்ததும், மகளை விட்டுப்போகலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "இண்டைக்கு ஏலாதடி. டொக்டரிட்டை டெர்மின், நேரம் குறிச்சுத் தந்திருக்கினம்" என்றார். மகளையும் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அண்ணையின் ஆட்களோடு ரயில் ஏறினேன்.

வானொலி அலுவலகத்து மாடி நடையில், பட்டுச்சேலைக்கு மேல் குளிர்க்கோட்டு போட்டபடி அக்கா இருந்தார். பக்கத்தில் அவருடைய கணவரும் இன்னும் இரண்டு பேரும்.

"அக்கா, டொக்டரிட்டை எண்டியள்?"

"அங்கைதான் வெளிக்கிட்டனான். நீ என்ன, பிள்ளைக்கு ஊர் காட்டவோ வந்தனி?"

எனக்குக் காது சுட்டது. இனி மகளை யார் பார்ப்பார் என்பதுதான் முதலில் நினைவுக்கு வந்தது.

இரண்டு குழுவையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார்கள். ஜெர்மன் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பெண் இரண்டு விண்ணப்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். முதலில் தேவாரம், பிறகு ஊர்ச் செய்தி, பிறகு பிறந்தநாள் வாழ்த்து, கடைசியில் சினிமாப் பாட்டு. இரண்டிலும் அதேதான். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் தள்ளுவண்டியை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

"இரண்டு விண்ணப்பம் என்றால் வானொலியின் நிர்வாகக் குழு கூடித்தான் முடிவெடுக்கும், அடுத்த வருடமாகிவிடும். ஒன்றாகத் தந்தால் இப்போதே ஏற்றுக்கொள்வேன்" என்றார். வெளியே வந்து மொழிபெயர்த்தேன்.

"நாங்கள்தான் முதல் யோசிச்சது" என்றார் அண்ணை.

"யோசிச்சதுக்கு ஆர் சாட்சி? உங்கடை தலையணையோ?" என்றார் அக்கா.

இப்படியே போய்க்கொண்டிருந்த கதை திடீரென்று நின்றது. அக்கா மணிக்கூட்டைப் பார்த்தார். அண்ணையும் பார்த்தார்.

"பத்தரைக்கு இராகுகாலம்" என்றார் அக்கா மெதுவாக.

"தெரியும். கலண்டர் பாத்துத்தானே வந்தனாங்கள்."

"ஸ்டேஷனடித் தமிழ்க் கடைக் கலண்டரோ?"

"வேறை எது இருக்கு?"

இரண்டு பக்கமும் ஒரே கலண்டரில் ஒரே நல்ல நேரத்தைப் பார்த்து, ஒளித்து ஒளித்து வந்து, ஒரே கதவடியில் நின்றிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துச் சூரியனை வைத்துக் கணித்த இராகுகாலம் ஹம்பேர்க்குக்குப் பொருந்துமா என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நல்ல வேளை, வாயைத் திறக்கவில்லை. மாதக்கணக்கில் முடியாத விஷயம் மளமளவென்று முடிந்தது. ஒரே விண்ணப்பம், இரண்டு குழுவின் பெயரும் போடுவது. அறிவிப்பாளர் மட்டும் பொருந்தி வரவில்லை. அவர்களின் ஆளை இவர்களுக்குப் பிடிக்காது, இவர்களின் ஆளை அவர்களுக்கு.

"இவள் வாசிக்கட்டும்" என்று அக்கா என்னைக் காட்டினார்.

"பிள்ளையை ஆர் பாக்கிறது, அக்கா?"

"இவ்வளவு நாளும் ஆரடி பாத்தது? லூசு."

அந்த "லூசு"வைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பத்தரைக்கு முன் எல்லாரும் உள்ளே ஓடிப்போய் ஒரே விண்ணப்பத்தைக் கொடுத்தபோது, ஏன் இவ்வளவு அவசரம் என்று ஜெர்மன் பெண் கேட்டார். பிள்ளைக்குப் பசி என்றேன்.

முதல் நிகழ்ச்சியை, எல்லாரும் சமைக்கும் விடுதிக் குசினியில் ஒரே வானொலிப் பெட்டியைச் சுற்றியிருந்து கேட்டார்களாம். என் குரல் வந்ததும் மகள் பெட்டிக்குப் பின்னால் போய் என்னைத் தேடினாளாம். அக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

தொடக்கத்தில் இரண்டு குழுவின் பெயரையும் சொல்ல வேண்டும். ஒரு மாதம் ஒன்றை முதலில் சொல்வேன், அடுத்த மாதம் மற்றதை. இதுவரை தப்பினேன். வரும் மாதம் ஆண்டு நிறைவு நிகழ்ச்சி. முறைப்படி அண்ணையின் குழு முதலில் வர வேண்டும். அது சாதாரண மாதங்களுக்குத்தான், இது விசேஷம் என்கிறார் அக்கா. குழுப் பெயர்களின் அகரவரிசை பார்த்தால் அண்ணையின் குழு, வயது பார்த்தால் அக்கா. இரண்டு வீட்டிலும் சாப்பிடுகிறவள் நான். என் இடத்தில் நீங்கள் இருந்தால் யாருடைய பெயரை முதலில் சொல்வீர்கள்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கோ. அக்காவுக்குத் தெரியாமல்.