பொன்பறவையின் சிறகு

என் அவசர புத்தி செய்த ஒரு காரியத்தைச் சொல்லியே ஆகவேண்டும்.

நோத்ர-டாம்-த-கிரேஸ் என்னும் எங்கள் பகுதியில், எங்களுக்கு மேல்மாடியில் என் ரஷ்யத் தோழி அன்யா இருக்கிறாள். அவளிடம் அரக்கு மெருகு பூசிய ஓர் ஓவியப் பெட்டி உண்டு. கரிய மூடியில், அவள் நாட்டுக் கதையில் வரும் ஒரு பொன்பறவை, அதைத் துரத்தும் இளவரசன். நாட்டைவிட்டு வந்தபோது அவளுடைய தாய் கொடுத்துவிட்டது. பார்த்து வரைவதற்கு இரவல் வாங்கினேன். பார்க்கப் பார்க்க, அந்த இருட்டுக் காட்டுக்குள் நானும் நடப்பதுபோல் இருந்தது.

வெள்ளிக்கிழமை குத்துவிளக்கைத் தேய்த்து மினுக்கும்போது பறவை கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. மினுக்கிக் கொடுத்தால் அன்யா மகிழ்வாள் என்று அதையும் பழப்புளியால் தேய்த்தேன். ஒரு சிறகு மெல்லக் கரைந்து என் விரலுக்கு வந்துவிட்டது.

"எடியே, அது என்ன பித்தளையே, புளி போட்டுத் தேய்க்க?" அம்மா தலையில் கை வைத்தார்.

மேலே ஓடினேன். அன்யா பெட்டியை நெடுநேரம் பார்த்தாள். பிறகு, பொன் ஒட்டிய என் விரலைப் பிடித்து, எங்கள் இருவருக்கும் பொதுவான பிரெஞ்சில் சொன்னாள்: "கதையிலும் பறவை தப்பிவிடும். பிடிக்கப் போனவன் கையில் ஓர் இறகுதான் மிஞ்சும்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அவளுடைய கட்டைவிரல் சிறகில்லாத அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தது.

மன்னித்த பிறகும் வலிக்கும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.