எழும்பாத ஈ

1991ஆம் வருஷம் ஆடி மாதத்தில் என் கணவருக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின. மண்ணூர் ரோட்டில் தகடு அடித்து வண்டிக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். தகட்டை உள்ளே வைத்துக் காலால் மிதித்தால் மேலிருந்து இரும்பு அச்சு இறங்கி ஒரே அடியில் வெட்டித் தள்ளும் மிஷின் அது. எங்கள் பிள்ளைப்பாக்கத்தில் ஏர் பிடித்த குடும்பங்களிலிருந்து முதலில் கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு போனவர்களில் அவரும் ஒருவர். அந்தச் சட்டையை நான் இஸ்திரி போடாமல் அனுப்பியதே இல்லை.

அன்றைக்குக் காலை நான் வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்பவர் ஒருவர் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார். "ஒண்ணும் இல்ல அண்ணி, கையில லேசா பட்டுச்சி. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிருக்காங்க" என்றார். அவர் சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தமாக இருந்தது. அது அவருடைய ரத்தம் இல்லை என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் என் கணவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "கார்டு இல்லமே" என்பதுதான். கை அச்சுக்கு அடியில் போகாதபடி மிஷினின் முன்னால் ஒரு கம்பிக் கூண்டு மாட்டியிருக்கும். அதைத்தான் கார்டு என்பார்கள். கூண்டு இருந்தால் பீஸ் எடுத்துப் போட நேரமாகிறது என்று சூப்பர்வைசர் அதைக் கழற்றச் சொல்லிவிட்டாராம். அது கழிவுத் தகடு கொட்டும் தொட்டிக்குப் பின்னால் மாசக்கணக்கில் கிடந்ததாம். பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் இதையே சொன்னார். "நான் கேட்டனே, இன்னா சார் இது, கார்ட மாட்டுங்க சார்னு கேட்டனே" என்று கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டுவார். அந்தக் கோபம் இருந்ததால்தான் அவர் அந்த நாட்களில் சாப்பிட்டார், தூங்கினார். கேஸ் போடுவது என்று முடிவாகி, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வக்கீலையும் பார்த்து வந்தோம்.

தையல் பிரித்த பிறகு கம்பெனியிலிருந்து ஜீப் வந்தது. மெட்ராஸில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் அவருக்குக் கண் சோதனை செய்ய வேண்டும் என்றார்கள். கைக்கு அடிபட்டவருக்குக் கண்ணில் என்ன சோதனை என்று எனக்கு உறுத்தியது. "திரும்ப வேலைக்கு எடுக்கணும்னா எல்லா செக்கப்பும் பண்ணணும்மா, உங்க நல்லதுக்குத்தான்" என்றார் ஜீப்பில் வந்தவர். நானும் ஏறிக்கொண்டேன்.

கண் டாக்டர் ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும், அதட்டாமல் பேசுபவர். முதலில் ஒவ்வொரு கண்ணாக மூடி எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். என் கணவர் ஒவ்வொரு கண்ணாலும் கடைசி வரிக்கு முந்தின வரி வரைக்கும் படித்துவிட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் ஒரு புத்தகத்தை எடுத்தார்கள். இரண்டே பக்கம் உள்ள கெட்டி அட்டைப் புத்தகம். ஒரு பக்கம் முழுக்கப் பெரிய ஈயின் படம், கறுப்பு வெள்ளையில். மற்றப் பக்கத்தில் சின்னச் சின்ன வட்டங்கள். கூடவே சாம்பல் நிறக் கண்ணாடி ஒன்றை அவருக்கு மாட்டிவிட்டார்கள்.

"இன்னா தெரியுது?" என்றார் டாக்டர், என் கணவருடைய பேச்சிலேயே.

"ஈ மேடம். பெருசா கீது."

"அதோட றெக்கையைப் பிடிங்க."

அவர் இடது கையை நீட்டி, படத்தில் இறக்கை இருந்த இடத்தில் இரண்டு விரலை வைத்து அட்டையைக் கிள்ளினார். விரல் நகம் அட்டையில் கீறும் சத்தம் கேட்டது. சரியாகத்தானே பிடித்தார் என்று நான் நினைத்தேன். டாக்டர் அடுத்து வட்டங்களைக் காட்டினார். நாலு நாலு வட்டமாகக் கட்டம் கட்டியிருந்தது. "ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு வட்டம் மட்டும் உங்க பக்கமா எழும்பி வரும். எதுன்னு சொல்லுங்க." அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். ஒவ்வொன்றாக விரலை வைத்துச் சொன்னார். சொல்லும்போதே அது ஊகம் என்று குரலில் தெரிந்தது. பரீட்சையில் பதில் தெரியாத பிள்ளை மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சின்ன வயசுல கண்ணு ஒரு பக்கமா சாஞ்சிருந்துச்சா?" என்று டாக்டர் கேட்டார்.

"பசங்க ஒண்ணரைக் கண்ணன்னு கூப்புடுவாங்க. அப்பறம் அதுவே சரியாப் பூடுச்சி."

"பாக்கறதுக்குச் சரியாயிடுச்சு" என்றார் டாக்டர். "ரெண்டு கண்ணும் தனித்தனியா நல்லாப் பாக்குது. ஆனா சேர்ந்து பாக்கலை. ஒண்ணு பாக்கும்போது மூளை இன்னொண்ணைத் தள்ளி வச்சிடுது."

எனக்குப் புரியவில்லை. ஈ எங்கே எழும்பும், அட்டையில்தானே இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். டாக்டர் அவர் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். மாட்டிக்கொண்டு குனிந்தேன். அடுத்த நொடி நாற்காலியோடு பின்னால் போனேன். ஈ அட்டையைவிட்டு எழும்பி, என் மூக்குக்கு நேரே நின்றுகொண்டிருந்தது. இறக்கையும் மயிர் அடர்ந்த கால்களும் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தன. பிடிக்கப் போன என் விரல்கள் அட்டைக்கு வெகு மேலே, ஒன்றுமில்லாத இடத்தில் கிள்ளின. "ஐயோ" என்று சிரித்துவிட்டேன். சிரித்தபடி பக்கத்தில் பார்த்தால், அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் காற்றைக் கிள்ளிக்கொண்டிருக்கும் என் விரல்களை. என் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

டாக்டர் விளக்கினார். வெளிச்சம் எல்லாச் சாய்விலும் அதிர்ந்துகொண்டு வருமாம். இந்தக் கண்ணாடியில் ஒரு பக்கம் ஒரு சாய்வில் வருவதை மட்டும் உள்ளே விடுமாம். மற்றப் பக்கம் அதற்கு எதிர்ச் சாய்வில் வருவதை மட்டும் விடுமாம். புத்தகத்திலும் இரண்டு ஈயை ஒன்றின்மேல் ஒன்றாக, கொஞ்சம் தள்ளி, அதே இரண்டு சாய்விலும் அச்சடித்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு ஈயாக இரண்டு கண்ணும் கொண்டுபோய்க் கொடுத்தால், மூளை அவற்றைச் சேர்த்து ஒரே ஈயாக எழுப்பி நிறுத்தும். பல வருஷம் கழித்து என் மகளின் பிளஸ் டூ புத்தகத்தில், வெளிச்சத்தை இப்படி ஒரே சாய்வில் விடுவதற்குத் தளவிளைவு என்று பெயர் போட்டிருந்ததைப் பார்த்தேன். அந்தப் பக்கத்தை நான் இரண்டு முறை படித்தேன்.

ஊர் திரும்பும்போது ஜீப்பில் என் கணவர் பூந்தமல்லி தாண்டியதும், "கெணத்துல குதிக்கறப்ப எப்ப தண்ணி வரும்னே தெரியாதுமே. எல்லாருக்கும் அப்பிடித்தான்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார்.

அடுத்த வாரம் கம்பெனி மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, காபி வரவழைத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தாள் அவர் மேசையில் இருந்தது. "பாருப்பா, இது உனக்கே தெரியாத குறை. நாங்க உன்னைக் குத்தம் சொல்லலை. ஆனா அச்சு எவ்வளவு கிட்ட இருக்குன்னு உன் கண்ணுக்குத் தெரியலை. இதுக்கு மிஷின் என்ன பண்ணும்?" என்றார். கேட்டில் வாட்ச்மேன் வேலை தருவதாகவும், விபத்து கண் குறையால் நடந்தது என்று ஒத்துக்கொண்டால் போதும் என்றும் சொன்னார்.

நான் என் கணவரின் வாயையே பார்த்தேன். கார்டைப் பற்றிச் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ஒன்பதாவது படித்தவர், அழகாகக் கையெழுத்துப் போடுபவர், அன்றைக்கு இடது கைக் கட்டைவிரலை மையில் தோய்த்து அந்த ஒப்புதல் தாளில் வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் நான் கத்தினேன். "இன்னாத்துக்குயா வச்ச? கார்டு இல்லன்னு ஊரெல்லாம் சொன்னியே, அங்க வாய்ல இன்னா வச்சிருந்த?"

"எனுக்குத் தெரியலமே. எல்லாருக்கும் தெரியறது எனுக்குத் தெரியல. அப்ப யார் மேல தப்பு?"

அதற்குப் பிறகு அவர் தன் வாழ்க்கை முழுவதையும் எடுத்து, அந்த ஈயை வைத்துத் திரும்பப் படித்தார். சின்ன வயதில் பந்து பிடிக்க வராதது, ஊசியில் நூல் கோக்க முடியாதது, ஒருமுறை மாட்டுவண்டியிலிருந்து இறங்கும்போது விழுந்தது, எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. விரல் போனதும் அந்த வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டது. கோபம் போய்விட்டது. அதனுடன் வேறு எதுவோ கூடப் போய்விட்டது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு கண்ணை மூடுவார், திறப்பார், மறுகண்ணை மூடுவார்.

பொறுக்க முடியாமல் நான் தனியாக பஸ் ஏறி மெட்ராஸ் போய் அந்த டாக்டரைப் பார்த்தேன். கம்பெனி சொன்னதைச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"அம்மா, இந்த டெஸ்ட் உங்க வீட்டுக்காரர் கண்ணைப் பத்திச் சொல்லும். மிஷினைப் பத்தி ஒண்ணும் சொல்லாது. இப்படிக் கண்ணு இருக்கறவங்க எத்தனையோ பேர் ஆயுசு முழுக்க வேலை செய்யறாங்க, தெரியாமலே. நிழலை வச்சு, பழக்கத்தை வச்சு தூரத்தைக் கணக்குப் பண்ணிப்பாங்க. நல்ல கண்ணு இருக்கறவன் கையும் அசந்தா உள்ள போகும். அதுக்குத்தானே தடுப்பு வைக்கறது?"

இதை அப்படியே வந்து அவரிடம் சொன்னேன். "அந்தம்மா நல்லவங்க. மனசு நோவக் கூடாதுன்னு சொல்றாங்க" என்றார்.

கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறையில் வாட்ச்மேன் வேலை. கொஞ்ச நாளில் கம்பெனியே அந்த ஈப் புத்தகத்தை வாங்கிவிட்டது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களை அந்த அறையில்தான் உட்கார வைப்பார்கள். ஆபீஸ் குமாஸ்தா கண்ணாடியை மாட்டிவிட்டு, ஈயைப் பிடிக்கச் சொல்வார். பிடிக்கப் போய்ப் பயந்து கையை இழுத்துக்கொள்பவர்கள் பிரஸ்ஸுக்கு. அட்டையைக் கிள்ளுகிறவர்கள் பேக்கிங்குக்கு, இல்லையென்றால் வீட்டுக்கு. வருகிற ஆட்கள் சிரிப்பதையும் "யப்பா" என்று பின்வாங்குவதையும் இவர் ஓரமாக நின்று பார்ப்பார். வந்து என்னிடம் சொல்வார். "இன்னிக்கி ஒருத்தன் நாற்காலியே சாஞ்சி பூட்டான்மே." அவர் அதைச் சொல்லும்போது முகத்தில் இருந்தது பொறாமை.

கார்டு மட்டும் தொட்டிக்குப் பின்னாலேயே கிடந்தது. கண் சோதனை இருக்கும்போது அது எதற்கு?

அடுத்த பொங்கலுக்கு முன்னால், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மண்ணூரில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஓர் இளைஞனின் கை அதே பிரஸ்ஸில் மாட்டியது. நாலு விரலும் போயின. வேன் வெளியே போகக் கேட்டைத் திறந்துவிட்டது என் கணவர்தான். வேன் அவர் பக்கத்தில் வேகம் குறைந்தபோது, உள்ளேயிருந்து அவன், "அண்ணாச்சி, எங்க அம்மைட்ட சொல்லிராதீய" என்றானாம்.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. சுவரோரம் உட்கார்ந்தார்.

"அவன் ஈயைப் பாத்து கைய இஸ்துகினவன்மே. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். வட்டம் அத்தினியும் கரீட்டா சொன்னான். குமாஸ்தா சபாஷ்னு சொன்னாரு."

தொடர்ந்து சொன்னார்: "கார்டு இருந்திருந்தா அவன் கை இருந்திருக்கும். என் கையும் இருந்திருக்கும்." அப்புறம் அழுதார். விரல் போனபோதுகூட நான் அவர் அழுது பார்த்ததில்லை.

அந்த இளைஞன் கேஸ் போட்டான். என் கணவர் சாட்சி சொல்வதாகத் தானாகப் போய் அவனுடைய வக்கீலிடம் சொன்னார். சாட்சி சொன்னால் கேட் வேலை போய்விடும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அப்போது என் வயிற்றில் மகள் இருந்தாள். "போய்ட்டு வா" என்றேன். கூடவே நானும் போனேன்.

மெட்ராஸில் தொழிலாளர் கோர்ட்டு. கம்பெனி வக்கீல் ஈ சோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "உமக்கு எது கிட்ட, எது தூரம்னே தெரியாது. ஒத்துக்கிட்டுக் கைநாட்டும் வச்சிருக்கீர். அப்படிப்பட்டவர் மிஷினில் தடுப்பு இருந்ததா இல்லையான்னு எப்படிப் பார்த்தீர்?"

என் கணவர் சாட்சிக் கூண்டின் கட்டையின்மேல் வலது கையைத் தூக்கி வைத்தார். "கைய வுட்டுத்தான் தெரிஞ்சிகினேன் சார்" என்றார்.

நீதிபதி தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார்.

கேட் வேலை அந்த வாரமே போயிற்று. படப்பையில் என் அண்ணன் வைத்திருந்த சிமெண்டுக் கடைக்கு வந்து சேர்ந்தோம். அவர் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டார், நான் தையல் மிஷினைக் கடையின் பக்கவாட்டில் போட்டுக்கொண்டேன். அந்த இளைஞனுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வர வருஷங்கள் ஆயின. தீர்ப்பு வந்த தைரியத்தில் நாங்களும் மனு போட்டோம். கட்டைவிரல் ரேகை குறுக்கே நின்றது. தானாக ஒத்துக்கொண்டதை இப்போது மாற்ற முடியாது என்று எங்கள் மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

அன்றைக்குக் கோர்ட்டை விட்டு வெளியே வந்து மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றோம். மகள் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆறுதலாக என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவர், "பசிக்குதுமே" என்றார். எதிரே இருந்த ஓட்டலில் சாப்பாடு சொன்னோம். அவர் இடது கையால் பிசைந்து சாப்பிடுவதை எதிர் மேசைக்காரர் முகம் சுளித்துப் பார்த்தார். என் கணவர் அதைப் பார்த்தும் நிறுத்தவில்லை. சாம்பார் சோறு முடித்து, ரசத்துக்கு இன்னொரு முறை சோறு கேட்டு வாங்கினார்.