சாந்தி தைத்த சஷ்டி விரதம்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு ஸ்காபரோவில் பேருந்து ஏறினேன். மொன்ட்ரியாலுக்கு ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர் வரும். ஒருவழிச் சீட்டு அறுபத்தெட்டு டொலர். வழக்கமாகக் கலியாணவீடு, கோயில் திருவிழா என்றுதான் அந்தப் பக்கம் போவேன். இம்முறை என் தங்கை சாந்தி தைத்த ஒரு துணியைப் பார்க்கப் போனேன்.

விஷயம் இதுதான். நீரிழிவு, பிரஷர் போன்ற வருத்தங்களோடு பல நாட்டுப் பெண்களும் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்று அறிய, அங்கே ஒரு சுகாதார ஆய்வுக் குழு முயல்கிறது. கேள்வி கேட்டால் எங்கள் பெண்கள் எல்லாவற்றுக்கும் “ஓம், ஓம்” என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள். ஆகவே அந்தக் குழுவினர் ஊசியையும் நூலையும் கொடுத்து, உங்கள் வருத்தத்தைத் தைத்துக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சாந்திக்கும் நீரிழிவு, நாளுக்கு மூன்று குளிசை, அதாவது மாத்திரை. வீட்டிலிருந்து சேலைச் சட்டையும் தைக்கிறவள். அவளுக்குச் சொல்லவா வேண்டும்?

கிங்ஸ்டன் தாண்டியதும் மேப்பிள் மரங்கள் குங்குமம் கொட்டியதுபோல் நின்றன. ஒன்றரை மணிக்கு மொன்ட்ரியாலில் இறங்கினேன். சாந்தி காரோடு காத்திருந்தாள்.

“அண்ணை, சாப்பிடுவமா, துணியைப் பாப்பமா?”

“துணி ஓடிப்போகுமே? முதல்ல சாப்பாடு.”

காருக்குள்ளேயே இருந்து புட்டுச் சாப்பிடும்போதுதான் மனத்தில் கிடந்ததைச் சொன்னாள். சென்ற ஆண்டு கந்தசஷ்டி நான்காம் நாள், கோயிலில் பூசை முடிந்து, பாலும் குடித்துவிட்டு வெளியே வந்தவள் மயங்கி விழுந்துவிட்டாள். அதிலிருந்து அவள் கணவர், என் மச்சான், பிடிவாதமாக நிற்கிறார்.

“இந்தமுறை விரதம் பிடிக்க விடமாட்டாராம் அண்ணை. மகள் பிறந்த வருசத்திலையிருந்து பிடிக்கிறன். ஒருநாளும் ஒரு குளிசை தவறவிட்டதில்லை. நீங்கள்தான் அவரோட கதைக்கவேணும்.”

நானும் சஷ்டி பிடிக்கிறவன். விரதத்தை விடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவள் விழுந்ததையும் மறக்க முடியவில்லை. “பாப்பம்” என்று மட்டும் சொன்னேன்.

மூன்று மணிக்கு மொன்ட்ரியால்-நோர் என்ற பகுதியில் ஒரு நூலக மண்டபத்துக்குப் போனோம். உடுப்புக் காயப்போட்டதுபோலக் கயிறுகளில் துணிகள் தொங்கின. பிரஷர் உள்ள ஹெயிட்டிப் பெண் ஒருத்தி கறுப்புத் துணியில் வெள்ளை மணிகளால் உப்பைக் கொட்டியிருந்தாள். பக்கத்தில் சாந்தியின் சிநேகிதி ஜெசிந்தா நின்றாள். மன்னார்க்காரி, வேதக்காரி, அதாவது கத்தோலிக்கப் பெண்.

“வாங்கோ அண்ணை! உங்கடை தங்கச்சி முருகனைக் கொண்டந்து டொக்டர்மாருக்குக் காட்டுறா. நான் இறைச்சி தொடாத தவக்காலத்துக்கு மீன் தச்சன். வாறவை எல்லாரும் சாப்பாட்டுக்கடை விளம்பரம் எண்டு நினைக்கினம்!”

சாந்தியின் துணி பச்சைப் பட்டு. ஆறு நாளுக்கு ஆறு சதுரம். ஒவ்வொன்றிலும் காலைச் சூரியன், உச்சிச் சூரியன், பின்னேர விளக்கு, ஒரு வேல். குளிசைக்கு அடையாளமாக மூன்று வெள்ளைப் பொத்தான்கள். என் தங்கையின் கைவேலையைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்தது.

ஆய்வுக் குழுவைச் சேர்ந்த நதாலி என்ற பெண் வந்து துணியை நிதானமாகப் பார்த்தார். பிறகு எனக்கும் விளங்கட்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார்: “மூன்று பொத்தானும் ஏன் விளக்குக்குக் கீழேயே இருக்கின்றன? காலையிலும் மதியத்திலும் ஒன்றும் இல்லையே?”

சாந்தி பிரெஞ்சில் பதில் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பிப் பெருமையோடு தமிழில் சொன்னாள்: “பூசை முடியமுன்னம் பச்சைத் தண்ணியும் குடிக்கமாட்டம். பிறகெப்பிடிக் குளிசை விழுங்கிறது? பூசை முடிய, மூண்டையும் சேத்துப் பாலோட போட்டிடுவன். ஒண்டும் தவறாது.”

நதாலியின் முகம் மாறியது. சாந்தி அவரிடம் முன்னரே சொல்லியிருந்தாளாம்; சென்ற ஆண்டு மயங்கி விழுந்தது குளிசை போட முன்னரா, பின்னரா என்று கேட்டார்.

“பேந்துதான், குளிசை போட்டாப் பிறகுதான்” என்றவள், துணியில் இருந்த பொத்தான்களைத் திரும்பிப் பார்த்தாள்.

“யேசுவே” என்றாள் ஜெசிந்தா.

பகல் முழுக்க வெறும் வயிறு. அதன்மேல், இரத்தச் சீனியை இறக்கும் சீனிக் குளிசை ஒருநாளைக்குரியது முழுவதும் ஒரே முறையில். எங்கள் ஒருவருக்கும் அது பிழையாகத் தோன்றியதேயில்லை. வைத்தியரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சாந்தி துணியின் ஒரு மூலையைக் கயிற்றிலிருந்து அவிழ்க்கத் தொடங்கினாள். “இப்ப விரதத்தை விடச் சொல்லப்போறா, பாருங்கோ அண்ணை.”

நதாலி அப்படிச் சொல்லவில்லை. விரதம் பிடிக்கலாமா, குளிசையை எப்படி மாற்றுவது என்பதெல்லாம் வைத்தியர் பார்த்துச் சொல்ல வேண்டியவை என்றார். சிலருக்கு முடியும், சிலருக்கு முடியாது, அதை நான் மறைக்க மாட்டேன் என்றார். பிறகு, நீரிழிவுக் கிளினிக்கில் இந்தத் துணியைக் காட்டலாமா என்று தாழ்மையாகக் கேட்டார்.

சாந்தி பட்டைத் தடவியபடி யோசித்தாள். “துணி தனியப் போகாது. நானும் வருவன். இல்லாட்டி அவையளுக்கு ஆர் விளங்கப்படுத்திறது?”

“அப்ப என்ரை மீனும் வரும்” என்றாள் ஜெசிந்தா.

ஞாயிறு காலை மொன்ட்ரியாலின் மேற்கே டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் உள்ள முருகன் கோயிலுக்குப் போனோம். சாந்தி நெடுநேரம் கண்ணை மூடி நின்றாள். சஷ்டிக்கு முன்னரே வைத்தியரிடம் போய் எல்லாவற்றையும் சொல்வதென்று முடிவு. இரவு நான் கதைத்த பிறகு, மச்சானும் அதுவரை விரதத்தை மறிக்காமல் இருக்கச் சம்மதித்துவிட்டார்.

“டொக்டர் வேண்டாமெண்டு சொன்னா?” என்று கேட்டேன்.

“அப்ப ஆறு நாளும் சாப்பிட்டிட்டு வந்து கும்பிடுவன். சாப்பிட்டவளை முருகன் வாசல்ல மறிப்பாரே?”

அவள் அப்படிச் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல். விரதம் பிடிப்பதைவிட அதற்கு அதிக பக்தி வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிற்பகல் இரண்டு மணிக்குப் பேருந்து புறப்பட்டது. எங்கள் ஸ்காபரோக் கோயில்களிலும் சஷ்டிக்கு எத்தனை பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள்! மொன்ட்ரியால் தீவைவிட்டுப் பாலத்தைத் தாண்டியதும் மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“சஷ்டிக்கு நீர் சீனிக் குளிசை எப்ப போடுறனீர்?”

“இதென்ன கேள்வி? பின்னேரம் பாலோடதான். எல்லாத்தையும் சேத்து.”

“நாளைக்கு டொக்டரிட்டைப் போவம்” என்றேன்.

“ஐயோ, ஏனப்பா,” என்று பதறினாள், “உங்களுக்கு என்ன செய்யுது?”